அடிக்கும் கையைக் காக்கும் பை: குத்துப்பை கடந்து வந்த பாதை

நாம் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளில் எம் பிள்ளைகள் பலர் குத்துச்சண்டை, கராத்தே, தாய்லாந்து முறைச் சண்டை முதலிய பயிற்சிகளுக்குச் சென்று வருகின்றனர். மாலையில் அவர்களை அழைத்துவரச் செல்லும் பெற்றோர், பயிற்சி மண்டபத்தின் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் நீண்ட பைகளைக் கண்டிருப்பர். பிள்ளைகள் ‘பஞ்சிங் பாக்’ என்று சொல்லும் இந்தக் குத்துப்பை பார்வைக்கு வெறும் மூட்டை. சாக்கொன்றில் மணலை நிரப்பிக் கட்டினால் வீட்டிலேயே ஒன்றைச் செய்துவிடலாம் என்றுகூட எண்ணத் தோன்றும்.

ஆனால் அந்த மூட்டைக்குள் எதை நிரப்புவது என்ற வினாவுக்கு மனிதர் இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை தேடி வந்துள்ளனர். மாவு, அத்திப்பழ விதை, மணல், மரத்தூள், குதிரைமயிர், கந்தைத்துணி, நுரைப்பஞ்சு, தண்ணீர் என அந்த விடைகள் மாறி மாறி வந்தன. அவை அனைத்துக்கும் அடியில் இருந்த கவலை ஒன்றே. அடிக்கப் பழகுபவரின் உடல் சிதையாமல், இன்னொருவரின் தலையும் உடையாமல், அடிக்கப் பழகுவது எப்படி என்பதே அது. எம் பிள்ளைகளின் கைகள் நாள்தோறும் மோதுவது இந்தப் பைகளில் என்பதால், இதன் வரலாற்றை அறிந்துகொள்வது பெற்றோராகிய எமக்கும் பயன்தரும்.

கிரேக்கரின் தோற்பை

பண்டைக் கிரேக்கத்தின் ஒலிம்பிக் விழாவில் குத்துச்சண்டை சேர்க்கப்பட்டது கி.மு. 688 இல் என்பது மரபு. மல்யுத்தமும் குத்தும் கலந்த பங்கிராத்தியன் என்னும் கடுஞ்சண்டை கி.மு. 648 இல் சேர்ந்தது. அக்காலத்துக் குத்துச்சண்டை வீரர் கைகளில் தோல்வார்களைச் சுற்றிக்கொண்டு மோதினர். சுற்றுக் கணக்கு இல்லை. ஒருவர் வீழ்ந்தோ விரலை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொண்டோதான் போட்டி முடியும். இத்தகைய போட்டிக்கு ஒருவரோடொருவர் மோதியே நாள்தோறும் பழகினால் விழா நாள் வருமுன்னே வீரர் எவரும் மிஞ்சார்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்னும் தமது நூலில், பயிற்சிக்குத் துணைவர் கிடைக்காத குத்துச்சண்டை வீரர் உயிரற்ற உருவமொன்றைத் தொங்கவிட்டு அதனோடு பழகுவதைப் பற்றிப் பேசுகிறார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கலப் பேழையொன்று இத்தாலியில் பழைய பிரனெஸ்தே நகரப் பகுதியில் கிடைத்தது. பிக்கோரோனி பேழை எனப்படும் அது இன்று உரோம் நகரின் வில்லா ஜூலியா அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஆர்கோ கப்பல் வீரரின் கதையைச் சித்திரிக்கும் அதன் செதுக்கோவியத்தில், தொங்கும் பையொன்றைக் குத்திப் பழகும் இளைஞன் ஒருவனைக் காணலாம். உலகில் குத்துப்பையைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் இதுவும் ஒன்று.

இந்தப் பையைக் கிரேக்கர் ‘கோரிக்கொஸ்’ என்றனர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் கட்டடக் கலை பற்றி எழுதிய உரோமர் விற்றுருவியஸ், பயிற்சிக்கூடத்தில் இப்பைக்கெனவே தனி அறை ஒன்றைக் குறிப்பிடுகிறார். எனவே அது மூலையில் தொங்கிய உதிரிப்பொருளன்று. கட்டடம் அமைக்கும்போதே இடம் ஒதுக்கப்பட்ட கருவியாகும்.

அதன் அமைப்பை எமக்கு விரிவாகச் சொல்பவர் ஒரு மருத்துவர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தில்லஸ் என்பவரின் குறிப்புகளை நான்காம் நூற்றாண்டு மருத்துவர் ஒரிபாசியஸ் தொகுத்து வைத்தார். வலிமை குறைந்தோருக்குப் பையில் அத்திப்பழ விதையோ மாவோ நிரப்பவேண்டும். வலியோருக்கு மணல் நிரப்பவேண்டும். பையின் அளவு பழகுபவரின் வலிமைக்கும் வயதுக்கும் பொருந்த வேண்டும். பையின் அடி கொப்பூழின் உயரத்தில் இருக்குமாறு கூரையிலிருந்து தொங்கவேண்டும் என்கிறார் அவர். பையை முதலில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் தள்ளி, அது திரும்பி வரும்போது கையாலும் மார்பாலும் எதிர்கொள்ளும் முறையையும் விளக்குகிறார்.

மூன்றாம் நூற்றாண்டில் உடற்பயிற்சி பற்றி எழுதிய பிலோஸ்திராத்தஸ் இன்னொரு வேறுபாட்டைச் சுட்டுகிறார். குத்துச்சண்டை வீரருக்கு வேண்டியது கைவேகம். ஆதலால் அவருக்கு இலேசான பை போதும். பங்கிராத்தியன் வீரருக்கோ பாய்ந்து வரும் பாரத்தின் முன் கால் பெயராது நிற்கும் பயிற்சி வேண்டும். ஆதலால் அவருக்குப் பெரிய, பாரமான பை வேண்டும். தலையாலும் அந்தப் பையை மோதவேண்டும் என்று அவர் சொல்வதை மட்டும் இன்றைய மருத்துவம் ஏற்காது.

இவ்விருவர் கூற்றையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல குத்துப்பைக்கான இலக்கணம் அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம். யாருக்கான பை, எந்தப் பயிற்சிக்கான பை என்று முதலில் கேள். அதன் பிறகே நிரப்பு.

கீழைத்தேய விடைகள்

கிழக்காசியாவில் இதே தேவைக்கு வேறு வடிவங்கள் தோன்றின. ஒக்கினாவாத் தீவின் கராத்தேக் கலைஞர் பையைத் தொங்கவிடாது, பலகைத் தூணொன்றை நிலத்தில் நட்டு அதன் உச்சியில் வைக்கோற் கயிற்றைச் சுற்றினர். ‘மக்கிவாரா’ எனப்படும் இத்தூண் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும். அடித்தால் வளைந்து கொடுக்கும். ஆழ அழுத்த அழுத்த எதிர்ப்பு மிகும். பின்னர் நிமிர்ந்து நிற்கும். 1922 இல் புனகோஷி கிச்சின் ரோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி, அக்கலை யப்பானிலும் பின்னர் உலகெங்கும் பரவத் தொடங்கியபோது மக்கிவாராவும் உடன் பரவியது. வளையாத கட்டையில் வைக்கோலைச் சுற்றினால் அது மக்கிவாரா ஆகாது. வளைவே அதன் உயிர்.

தென்சீனத்து விங் சுன் கலையில் துணிப்பைகளில் பயறு வகைகளை நிரப்பிச் சுவரில் மாட்டிக் குத்திப் பழகுவர். தாய்லாந்தில் வாழை மரத்தை உதைத்துப் பழகிய பழங்காலத்தைப் பற்றி இன்றும் சொல்வர். வாழைத்தண்டு எத்தகையது என்று எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மடல் மடலாக நீர் செறிந்த அந்தத் தண்டு உதையை ஏற்று உள்வாங்கும். எலும்பைத் திருப்பித் தாக்காது. இன்றைய தாய்லாந்துப் பயிற்சிக்கூடங்களில் நிலத்தைத் தொடுமளவு தொங்கும் ஏறத்தாழ ஆறடிப் பை, தாழ்ந்த உதைக்கும் முழங்கால் இடிக்கும் இடம் தருவதற்காக நீண்டது. பிலோஸ்திராத்தஸ் சொன்னது போலவே, சண்டையின் முறை பையின் வடிவத்தைத் தீர்மானித்தது.

கையுறை வந்த பின்பு

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெறுங்கைக் குத்துச்சண்டை பெரும் பொழுதுபோக்காயிற்று. 1743 இல் ஜாக் புரோட்டன் என்னும் வீரர் அதற்கு முதன்முறையாக எழுத்தில் விதிகளை வகுத்தார். தம்மிடம் பயில வந்த செல்வந்தரின் முகங்கள் சிதையாதிருக்கப் பஞ்சு பொதிந்த கையுறைகளையும் பயிற்சியிற் பயன்படுத்தினார். 1867 இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் போட்டியிலேயே கையுறையைக் கட்டாயமாக்கின. மூன்று நிமிடச் சுற்றையும் ஒரு நிமிட ஓய்வையும் நிலைநாட்டின. 1889 யூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜோன் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் 75 சுற்றுகள் மோதியதே பாரஎடைப் பிரிவின் இறுதி வெறுங்கை வாகைப் போட்டி.

கையுறை முதலிற் காத்தது கையையே, தலையை அன்று. வெறுங்கையால் மண்டையோட்டைக் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்தியவரின் கை என்பதால் பழைய வீரர் அளந்தே அடித்தனர். கையுறை அந்த அச்சத்தைக் குறைத்தது. 1928 இல் நியூ ஜேர்சியைச் சேர்ந்த மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட், நெடுங்காலம் தலையில் அடிவாங்கிய வீரரின் நடை தள்ளாடுவதையும் சிந்தனை மந்தமாவதையும் மருத்துவ இதழில் விவரித்தார். தலைக்கு அடி விழாமல் எவ்வளவு பயிற்சி செய்ய முடியுமோ அவ்வளவும் நன்று என்ற உண்மை அதன்பின் வலுப்பெற்றது. குத்துப்பையின் பெருமதிப்பு இங்கேதான் இருக்கிறது. பயிற்சிக்கூடத்தில் மூளையில்லாத எதிரி அது ஒன்றே.

மணலின் குற்றம்

பழைய கன்வஸ் பைகளிலும் தோற்பைகளிலும் மணல், மரத்தூள், மயிர், கந்தைத்துணி ஆகியன நிரப்பப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருந்தது. மரத்தூள் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். மயிரும் துணியும் இலேசானவை. பை அடிதோறும் பறந்துபோகும். மணலின் குற்றம் இவற்றிலும் பெரிது.

முதலாவது அதன் பாரம். உலர்ந்த மணல் ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 1600 கிலோகிராம் எடை கொண்டது. 35 சென்ரிமீற்றர் விட்டமும் ஒரு மீற்றர் உயரமும் உள்ள பையை மணலால் மட்டும் நிரப்பினால் அது ஏறத்தாழ 150 கிலோகிராம் இருக்கும். அதே பையைத் துண்டாடிய துணியால் இறுக்கி நிரப்பினால் பெரும்பாலும் 30 முதல் 45 கிலோகிராம் வரையே வரும். இரண்டாவது குற்றம் படிதல். ஒவ்வொரு அடியின் அதிர்விலும் மணல் கீழே இறங்கும். சில வாரங்களில் பையின் மேற்பகுதி தளர்ந்து, அடிப்பகுதி கல்லாகும். மேலே குத்துபவருக்கு எதுவும் தெரியாது; கீழே உதைப்பவரின் பாதம் அதை அறிந்துகொள்ளும்.

இவற்றுக்கான தீர்வுகள் பட்டறைகளில் மெல்ல மெல்ல உருவாகின. துணியைச் சிறு படைகளாக இட்டு ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்குதல். பாரம் வேண்டுமெனில் மணலைச் சிறு பொதிகளாகக் கட்டி நடுத்தண்டில் மட்டும் வைத்தல். உறைக்கும் நிரப்புக்கும் இடையே நுரைப்பஞ்சுப் படையைச் சுற்றுதல் என்பன அவற்றுட் சில. உறையும் முன்னேறியது. இன்று குத்துச்சண்டைக் கருவிகளால் உலகறிந்த எவர்லாஸ்ட் நிறுவனத்தை 1910 இல் நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்கியவர் ஜேக்கப் கோலோம். தையற்காரர் ஒருவரின் மகனான அவர் முதலில் தைத்து விற்றது நீச்சலுடை; குத்துச்சண்டைக் கருவிகள் பின்னரே வந்தன. குத்துப்பைக்கும் உறுதியான தையலே உயிர். கிழிந்த தையலூடாகவே பைகள் பெரும்பாலும் சாகின்றன.

இன்னொரு குறையையும் பயிற்சியாளர் உணர்ந்தனர். பை ஆளைப்போல இருப்பதில்லை. எங்கே அடித்தாலும் ஒன்றே. ஹோசே தொரஸ் என்ற வீரர் 1965 மார்ச்சில் வில்லி பஸ்ட்ரானோவுடன் மோதவிருந்த வேளையில், அவருடைய பயிற்சியாளர் கஸ் டமாட்டோ மெத்தைகளைச் சட்டமொன்றிற் சுற்றி, அதில் மனித உருவை வரைந்து, தாடை, விலா என ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணிட்டார். எண்ணைச் சொன்னதும் அந்த இடத்தைக் குத்தவேண்டும். எதிரியின் பெயராலேயே அது ‘வில்லி’ எனப்பட்டது. தொரஸ் அப்போட்டியில் வென்று வாகை சூடினார். பின்னாளில் டமாட்டோவின் மாணவர் மைக் ரைசனும் அந்த உருவில் பழகியவரே.

எனினும் எந்தப் பையும் திருப்பி அடிக்காது. 1974 இல் சயீரின் தலைநகர் கின்ஷாசாவில் முகமது அலியுடன் மோதச் சென்ற ஜோர்ஜ் போர்மன், பாரமான பையைக் குத்திக் குத்திக் குழியாக்கியதைக் கண்டோர் அலிக்காக அஞ்சினர். ஒக்ரோபர் 30 ஆம் நாள் நடந்த போட்டியில் அலி கயிறுகளிற் சாய்ந்து அடிகளைத் தாங்கி, போர்மன் களைத்தபின் எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். பையில் எழுந்த குழி வலிமையைக் காட்டியது; போட்டியின் முடிவைக் காட்டவில்லை.

அளவுகோல் ஆன பை

தொங்கும் பாரத்தை அளவுகோலாக்கலாம் என்பது பழைய அறிவு. 1742 இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், துப்பாக்கிக் குண்டைத் தொங்கும் கட்டையில் மோதவிட்டு, அது ஊசலாடிய தூரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். 1985 இல் பிரித்தானிய ஆய்வாளர் இதே முறையைக் குத்துக்குப் பயன்படுத்தினர். பாரஎடை வீரர் பிராங் புறூனோ, மெத்தை பொதிந்து தொங்கவிடப்பட்ட பாரமொன்றைக் குத்தினார். அவருடைய கை விநாடிக்கு 8.9 மீற்றர் வேகத்தில் மோதியது. மோதிய 14 மில்லிவிநாடிக்குள் விசை 4096 நியூட்டனை எட்டியது. அது ஏறத்தாழ 400 கிலோகிராம் பாரத்துக்கு ஈடானது.

இந்த எண்கள் எமக்குச் சொல்வது என்ன? பை வாங்கும் விசை எவ்வளவோ அவ்வளவும் கைக்குத் திரும்பி வருகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னிழுத்துக்கொண்டு பிடிப்பது ஏன்? பந்து நிற்கும் நேரம் நீள நீள, கையில் விழும் விசை குறைகிறது. நல்ல பையின் வேலையும் அதுவே. சில மில்லிவிநாடிகள் கூடுதலாக உள்வாங்கும் பை, கையில் விழும் உச்ச விசையைக் குறைக்கிறது. கல்லாக இறுகிய மணல் அந்த நேரத்தைத் தருவதில்லை. அதன் விளைவை மருத்துவர் நன்கறிவர். சின்னவிரலோடு தொடரும் உள்ளங்கை எலும்பின் கழுத்தில் ஏற்படும் முறிவுக்குக் ‘குத்துச்சண்டைக்காரர் முறிவு’ என்றே பெயரிட்டுள்ளனர்.

இன்று தண்ணீர் நிரப்பிய உருண்டைப் பைகளும், அடித்தொட்டியில் தண்ணீரோ மணலோ நிரப்பித் தரையில் நிறுத்தும் பைகளும் விற்பனைக்கு வந்துள்ளன. தண்ணீர் படியாது, எந்த இடத்திலும் ஒரே தன்மையில் உள்வாங்கும். தரையில் நிற்கும் பை, கூரையில் துளையிட முடியாத மாடிக் குடியிருப்புகளுக்கு ஏற்றது. குத்தின் வேகத்தை எண்ணிச் சொல்லும் உணரிகள் பொருத்திய பைகளும் உண்டு. கருவி எத்தனை நவீனமாயினும் அந்தில்லஸ் கேட்ட வினாவை அது தவிர்க்க முடியாது. பழகுபவரின் வலிமை என்ன, வயது என்ன?

எமக்குரிய பாடம்

ஒலிம்பிக்கில் அகதிகளுக்கென ஒரு தனி அணி 2016 முதல் பங்குகொண்டு வருகிறது. அந்த அணிக்கு முதன்முதலாகப் பதக்கம் வென்று தந்தவர் ஒரு குத்துச்சண்டை வீராங்கனை. கமரூனில் பிறந்து, சிறு வயதில் இங்கிலாந்துக்கு வந்து, போல்ரன் நகரில் குத்துச்சண்டை பழகிய சிண்டி இங்காம்பா 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 75 கிலோகிராம் பிரிவில் வெண்கலம் வென்றார். வதிவுரிமைக்காகப் போராடி, ஒருமுறை தடுத்தும் வைக்கப்பட்டவர் அவர். பயிற்சிக்கூடத்தின் கதவு எம்மைப்போன்றோருக்கும் திறந்திருக்கிறது என்பதற்கு அவரே சான்று. அந்தக் கதவினுள் செல்லும் பிள்ளை முழுக் கையோடு திரும்பி வரவேண்டும் என்பதே பெற்றோரின் பொறுப்பு.

ஆகவே வீட்டில் பை தொங்கவிட எண்ணுவோர் சிலவற்றை மனங்கொள்ள வேண்டும். பழகுபவரின் உடல் எடையில் ஏறத்தாழ அரைவாசி பையின் எடையாக இருக்கட்டும் என்பது பயிற்சியாளர் பலரின் கைக்கணக்கு. வளரும் பிள்ளைக்கு அதனினும் இலேசான, மெதுமையான பை நன்று. தந்தைக்கு வாங்கிய பையைப் பத்து வயது மகளுக்கும் பொதுவாக்கக் கூடாது. பையை நடுவிலும் அடியிலும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டிடமும் ஒன்றுபோல் அமுங்கவேண்டும். அடி இறுகியிருந்தால் நிரப்பைக் கொட்டி மீண்டும் நிரப்பவேண்டும். கூரைப் பலகையில் அன்றி, பாரந்தாங்கும் உத்தரத்திலேயே கொக்கியை மாட்டவேண்டும். சங்கிலியின் நீளத்தையும் கவனிக்கவேண்டும். தொங்குபுள்ளியிலிருந்து பையின் நடுவரை ஒரு மீற்றராயின் அது ஏறத்தாழ இரண்டு விநாடியில் ஆடித் திரும்பும். இரண்டு மீற்றராயின் ஏறத்தாழ மூன்று விநாடி எடுக்கும். புதிதாகப் பழகுபவருக்கு மெதுவாகத் திரும்பும் பையே எளிது. கைத்துணி சுற்றாமலும் கையுறை அணியாமலும் எவரையும் பையின் முன் நிற்க விடாதீர்கள்.

வன்மையான பையே வலிமை தரும் என்ற எண்ணம் எம்மவரிடையே பரவலாக உண்டு. இவ்வரலாறு அதனை மறுக்கிறது. வலியோருக்கு மணல் என்ற அந்தில்லஸ் மெலியோருக்கு மாவு என்றார். ஒக்கினாவாவில் தூணை வளையச் செய்தனர். தாய்லாந்தில் வாழையை உதைத்தனர். அறிந்து செய்தோர் அனைவரும் விட்டுக்கொடுக்கும் பொருளையே தேடினர். கை உடையாத பிள்ளைதான் நாளையும் பயிற்சிக்குச் செல்லும்.